அக்கரைச் சீமைத் தபால்தலைகள்

செட்டிநாட்டு ஊர்களில் பிறந்து வளர்ந்த பையன்களுக்குத் தபால்தலை சேர்க்கும் பித்துப் பிடிப்பதற்கு ஆல்பமோ, சங்கமோ, பட்டணத்து மாமாவோ தேவைப்பட்டதில்லை. தபால்காரர் ஒருவரே போதுமானவராக இருந்தார். மற்றச் சீமைகளில் வெளிநாட்டுக் கடிதம் ஒன்று வந்துவிட்டால் தெருவே கூடிப் பார்க்கும் என்று சொல்லப்பட்ட அந்தக் காலத்தில், காரைக்குடியையும் தேவகோட்டையையும் சுற்றியிருந்த ஊர்களில் ரங்கூன், மோல்மேன், பினாங்கு, ஈப்போ, மூவார், கொழும்பு, சைகோன் என்ற பெயர்கள் அடுத்த ஊர்ப் பெயர்களைப் போலவே பெண்டுகள் வாயில் சர்வ சாதாரணமாகப் புழங்கிக்கொண்டிருந்தன. கொண்டுவிற்கப் போன ஆண்பிள்ளைகள் மூன்று வருஷத் தவணை முடிந்து திரும்புகிறவரையில் அவர்களுக்கும் வீட்டுக்கும் இடையே இருந்த பந்தம் கடிதம் ஒன்றுதான். அந்தக் கடிதத்தின் வலது மூலையில் ஒட்டியிருந்த சிறு வர்ணக் காகிதத்துக்கு அந்த வீடுகளில் யாதொரு மதிப்பும் கிடையாது. மதிப்பில்லாத பொருள் தாராளமாகக் கிடைக்குமிடத்தில் பையன்கள் அதைச் சேர்க்கத் தொடங்குவது உலக இயற்கை.

நான் அந்த வீடுகளைச் சேர்ந்தவன் அல்லன். என் தகப்பனார் பள்ளிக்கூட உபாத்தியாயர்; எங்களுக்கு வந்த தபால் எல்லாம் தஞ்சாவூர்ப் பக்கத்து உறவினர்கள் எழுதிய கார்டுகள். கார்டில் தலை அச்சடித்தே வரும். வெட்டி எடுத்தாலும் அது தலை ஆகாது என்று பள்ளிக்கூடத்துப் பெரிய பையன்கள் சட்டம் வைத்திருந்தார்கள். ஆகவே என் சேகரத்துக்கு மூலதனம் முழுவதும் அண்டை வீட்டிலிருந்துதான் வரவேண்டியிருந்தது.

அண்டை வீட்டில் ஆச்சி ஒருவர் தனியாக இருந்தார். முகப்பும், பட்டகசாலையும், வளவும், இரண்டாங்கட்டுமாக ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிந்த அந்தப் பெரிய வீட்டில், சமையலுக்கு ஒருத்தியும் மாடு பார்க்க ஒருவனும் தவிர, அந்நாளில் வேறு மனிதர்கள் கிடையாது. புருஷர் ரங்கூனில் கடை வைத்திருந்து காலமானவர்; ஒரே மகன் மலாயாவில் தைப்பிங் என்ற ஊரில் கடை பார்த்துக்கொண்டிருந்தார். ஆச்சி எழுத்தறியாதவர் அல்லர். வட்டிக் கணக்கை மனத்திலேயே போட்டு, மேலாள் எழுதி அனுப்பிய ஐந்தொகையில் பிசகு கண்டுபிடித்தவர் என்று அவரைப் பற்றி ஊரில் சொல்வார்கள். ஆனால் இரண்டு கண்களிலும் புரை விழுந்துவிட்டபடியால், வருகிற கடிதத்தைப் படித்துச் சொல்லவும், போகிற கடிதத்தை எழுதவும் ஒரு பிள்ளை வேண்டியிருந்தது. குடும்ப விஷயம் வெளியே போகாதிருக்க, உறவுக்காரப் பிள்ளைகளைக் காட்டிலும் வாத்தியார் மகன் உசிதம் என்று அவர் தீர்மானித்திருக்க வேண்டும். அப்போது எனக்கு ஒன்பது பிராயம். கூலி என்று பேச்சு எழுந்தபோது, தேன்குழலும் சீப்புச்சீடையும் வேண்டாம், கடிதத்தில் இருக்கிற தலையை எனக்குக் கொடுத்தால் போதும் என்று நான் கேட்டதாகவும், "இது என்ன பைத்தியம்! பலகாரத்தையும் தின்னு, அந்தக் கடுதாசித் துண்டையும் எடுத்துக்க" என்று ஆச்சி சிரித்ததாகவும் என் தாயார் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வேலை நான் ஏற்றுக்கொண்ட சமயத்தில் வருகிற கடிதம் என்று ஒன்றும் இருக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. அதற்கடுத்த மாதமே ரங்கூனும் போயிற்று. அன்று முதல் மூன்றரை வருஷகாலம் அக்கரையிலிருந்து ஒரு வரி கிடையாது. பர்மாவிலிருந்தவர்களில் பலர் காடும் மலையும் கடந்து கால்நடையாக வந்து சேர்ந்தார்கள். மலாயாவிலிருந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை. தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கோயிலுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்த பெண்களால் எங்கள் ஊர் நிறைந்திருந்தது. ஆச்சி தம் மகன் கடைசியாக எழுதிய கடிதத்தை, 1941 நவம்பரில் தைப்பிங்கில் தபாலில் சேர்த்ததை, பூஜை அறையில் விபூதிப் பேழைக்கு அடியில் வைத்திருந்தார். யுத்தம் மூண்டது முதற்கொண்டே கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் திறந்து பார்த்து, ஒட்டுச்சீட்டால் மறுபடி மூடி அனுப்புவது வழக்கமாகியிருந்தது. அந்த உறையின் ஒரு பக்கத்திலும் அப்படி ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. என் வேலை தொடங்கிய புதிதில், வேறு கடிதம் இல்லாமையால், அதையே எடுத்துக் கொடுத்து, "இன்னொருக்காப் படி" என்பார். அதில் இருந்ததெல்லாம் தேங்காய் விலையும், ரப்பர் விலையும், வைகாசி மாதம் ஊர் வருவதாக உத்தேசம் என்பதும்தான். எத்தனை முறை படித்தாலும் வைகாசி என்ற இடத்துக்கு வரும்போது ஆச்சி, "எந்த வைகாசியோ" என்று ஒரு தரம் சொல்லிக்கொள்வார். அந்த உறையின் மேலிருந்த தலையை நான் கேட்கவில்லை. கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டார்.

யுத்தம் முடிந்து சில மாதங்கள் கழித்து ஒரு நாள் தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, வழக்கம்போலத் திண்ணையில் போட்டுவிட்டுப் போகாமல், "ஆச்சி! அக்கரைத் தபால்!" என்று கூவிக்கொண்டே வளவு வரைக்கும் வந்துவிட்டார். கடிதம் சுருக்கமானது. "இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவேண்டியது" என்ற வழக்கமான வரிகளுக்குப் பிறகு, தாம் உயிரோடிருப்பதையும், ஜப்பான்காரன் அச்சடித்த நோட்டெல்லாம் காகிதமாகிவிட்டதையும், கப்பலில் இடம் கிடைக்க நாளாகும் என்பதையும் மகன் எழுதியிருந்தார். ஆச்சி அழவில்லை. சமையற்காரியைக் கூப்பிட்டுப் பால் பாயசம் வைக்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "தலையை எடுத்துக்கப்பா, பார்த்துக் கிழி, அவன் எழுத்தில கை படாம" என்றார்.

அதுதான் என் சேகரத்தின் முதல் தலை. கழுத்துப் பட்டியும் கோட்டும் அணிந்த ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முகத்தின் மேல், கறுப்பு மையில், 'பி. எம். ஏ. மலாயா' என்று ஆங்கில எழுத்தில் குறுக்கே அச்சிட்டிருந்தது. பிரிட்டிஷ் ராணுவ ஆட்சி என்பது அதன் விரிவு என்று தகப்பனார் சொன்னார். பழைய தலைகளை வைத்துக்கொண்டு, புதிது அச்சிடப் பொழுதில்லாமல், மேலே இரண்டு வார்த்தைகளை அடித்து அவசரமாக வெளியிட்டிருந்தார்கள். தலை சேர்க்கிறவர்களுக்கு அது மிகச் சாமானியமான தலை, லட்சக்கணக்கில் கிடைக்கும், விலை சல்லிக்காசு பெறாது.

பிறகு கடிதங்கள் சீராக வரத் தொடங்கின. ரஜூலா என்ற கப்பல் மலாயாத் துறைமுகங்களுக்கும் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் நடையாகப் போய்வந்துகொண்டிருந்தது. அது நாகப்பட்டினம் வந்து சேர்ந்த செய்தி பத்திரிகையில் வருமுன்னரே எங்கள் தெருவில் தெரிந்துவிடும். ஒன்று சேர்ந்தாற்போல் பல வீடுகளுக்குக் கடிதம் வரும். மற்ற ஆச்சிமார்களும் என்னைக் கூப்பிட்டனுப்பும் அளவுக்கு என் கியாதி பரவியிருந்தது.

தலையைக் காகிதத்திலிருந்து பிரிப்பது ஒரு தனி வித்தை. உறையிலிருந்து சுற்றிலும் விரற்கடை இடம் விட்டு வெட்டி, பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் வார்த்து, முகம் மேலே இருக்கும்படி மிதக்கவிட வேண்டும். பசை இளகியதும் காகிதம் தானே கீழே நழுவும். பொறுமையில்லாமல் இழுத்தால் தலையின் முதுகு மெலிந்துபோகும், ஓரத்துப் பற்கள் ஒடியும். பிறகு பழைய பத்திரிகைத் தாளின்மேல் கவிழ்த்து உலர்த்தி, கம்பராமாயணத்துக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்தால் தகடுபோல் ஆகிவிடும். மலாயாத் தலைகளில் சில தண்ணீர் பட்டவுடன் வெளுத்துவிடுவதைக் கண்டு எங்களுக்குத் துக்கமாக இருந்தது. முத்திரையைக் கழுவி மறுபடி ஒட்டி சர்க்காரை ஏமாற்றாதிருப்பதற்காக வேண்டுமென்றே கரைகிற மையில் அச்சிடுகிறார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. சுண்ணாம்பு பூசிய காகிதத்தில் அச்சிட்ட அந்தத் தலைகளை நீரில் மிதக்கவிடாமல், ஈரமான மையொற்றும் தாளின் மேல் வைத்துப் பசையை மட்டும் இளக்க வேண்டும்.

ஒட்டுவதற்குப் பையன்கள் வேலம்பிசினைக் கரைத்துத் தடவிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒட்டிய தலைகள் அன்றே செத்தவை. எங்கள் ஊர்த் தபால் ஆபீஸில் இருந்த குமாஸ்தா, தலைகளைத் தாளிலிருந்து கிழித்து விற்ற பிறகு மிஞ்சுகிற வெள்ளை ஓரத்தைக் குப்பையில் போடாமல் எங்களுக்கென்று எடுத்து வைப்பார். முதுகில் நல்ல பசையுள்ள அந்த ஓரத்தைச் சிறு சிறு துண்டாக வெட்டி, நடுவில் மடித்து, ஒரு பாதியைத் தலையிலும் மறு பாதியைப் புத்தகத்திலும் ஒட்டினால், வேண்டும்போது தலை சேதமில்லாமல் கழன்று வரும். காசு கொடுத்து வாங்கும் கீல்களுக்கு அது எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று.

ஆல்பத்தையும் ஆச்சியே கொடுத்தார். ரங்கூன் கடைக்கென்று முன்கூட்டியே தைத்து வைத்திருந்த பேரேடு ஒன்று, சிவப்புத் துணி அட்டையும் நீளப் பக்கங்களுமாக, ஒரு வரி எழுதப்படாமல் இரண்டாங்கட்டு அறையில் கிடந்தது. "அந்தக் கணக்கு இனி யார் எழுதப் போறா? நீ வச்சுக்க" என்று சொல்லிக் கொடுத்தார். பற்று என்றும் வரவு என்றும் பத்திக் கோடு போட்ட அந்தப் பக்கங்களில், பிள்ளையார் சுழியிட்டு, தேசத்துக்கு ஒரு பக்கமாகத் தலைகளை ஒட்டலானேன்.

பர்மாப் பக்கம்தான் எல்லாவற்றிலும் அழகாக இருந்தது. 1937 ஏப்ரல் முதல் தேதி பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டபோது முதலில் இந்தியத் தலைகளின் மேலேயே பர்மா என்று அச்சிட்டு ஓட்டினார்கள். மறு வருஷம் அந்த நாட்டுக்கென்றே புதுத் தலைகள் வந்தன. ஒன்றில் ஐராவதி நதியில் பாய் விரித்த படகு. ஒன்றில் நெல் வயலில் உழவன். ஒன்றில் யானை தேக்கு மரத்தைத் தள்ளிக்கொண்டு போகும். நான் உட்கார்ந்து கடிதம் படித்த வளவில் என்னால் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் வரிசையாக நின்ற தூண்கள் யாவும் பர்மாத் தேக்கு. அந்தத் தலையைப் பார்த்த பிறகே, அவையெல்லாம் ஒரு காட்டிலிருந்து யானையால் தள்ளப்பட்டு, ஆற்றில் மிதந்து, கப்பலேறி வந்தவை என்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று. ஆனால் அந்தப் பக்கம் அதற்குமேல் வளரவில்லை. 1948 ஜனவரி 4-ல் பர்மா சுதந்திரம் அடைந்தது; அதே வருஷம் நிலங்களைத் தேசவுடைமையாக்கச் சட்டம் வந்தது; கடை கட்டிக்கொண்டு வருகிறவர்கள் வந்த பிறகு அங்கிருந்து கடிதம் எழுத ஆள் ஏது? பத்திரிகைகளில் தலையங்கம் படிக்கத் தெரியாத வயதில், ஒரு தேசத்தின் தலை வரவு குறைவதைக் கொண்டே அங்கே எதுவோ முடிந்துபோயிற்று என்று தெரிந்துகொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் நடந்த பரிவர்த்தனைக்குத் தனி விலைவாசி உண்டு. பாயும் புலி அச்சிட்ட ஐக்கிய மலாய் நாடுகளின் தலை பழைய கடிதக் கட்டுகளில் மட்டுமே அகப்படும் என்பதால் அதற்கு மூன்று ராஜா முகங்கள் கொடுக்க வேண்டும். கெடாவின் நெற்கதிர்க் கட்டு ஒன்றுக்கு ஒன்று. இலங்கைத் தலைகளுக்கு எப்போதும் கிராக்கி. சிவனொளிபாத மலையும், ரப்பர்ப் பால் வெட்டுகிறவனும், தென்னஞ்சோலையும், கண்டி தலதா மாளிகையும் ஆளுக்கு ஒன்று வைத்திருந்தாலும், ஐம்பது சதத்துக் காட்டு யானைகள் மாத்திரம் யாரிடமிருந்தும் சுலபமாக நகராது. நாகர்கோவிலிலிருந்து வந்து சேர்ந்த ஒரு மாணவன் திருவாங்கூர் அஞ்சல் தலைகளைக் கொண்டுவந்தான். அணாவும் பைசாவும் அல்லாமல் சக்கரம், காசு என்று விலை போட்டிருந்த அவற்றை முதலில் பொம்மைத் தலை என்று தள்ளிவிட்டோம். 1936-ல் மகாராஜா சகல ஹிந்துக்களுக்கும் கோயில் கதவைத் திறந்துவிட்டதன் ஞாபகமாக மறுவருஷம் வெளியிட்ட தலைகள் அவற்றில் இருந்தன. அரசாங்கம் ஒரு நல்ல காரியம் செய்து அதைத் தலையிலும் போட்டுக்கொண்டதற்கு அதைவிடச் சிறந்த உதாரணம் இன்னும் என் கண்ணில் படவில்லை.

இந்தப் பண்டமாற்றில் என் கைக்கு வந்து, வெகு நாள் என்னைத் தூங்கவிடாமல் அடித்த தலை ஒன்று உண்டு. மலாயாவிலிருந்து தவணை முடிந்து வந்த ஒருவர் பெட்டியிலிருந்து உதிர்ந்தது அது. பழைய மலாயாத் தலைதான். மேலே ஆங்கில எழுத்தில் 'டாய் நிப்பான் 2602 மலாயா' என்று குறுக்கே அடித்திருந்தது. நாங்கள் இருந்தது 1946-லோ 1947-லோ. தலையோ இரண்டாயிரத்து அறுநூற்றிரண்டில் அச்சானது! வகுப்பில் இரண்டு கட்சி ஏற்பட்டது. அது விலை என்றது ஒரு கட்சி. தலையின் வரிசை எண் என்றது மற்றது. தகப்பனாரிடம் கொண்டுபோனபோது அவர் பேசாமல் பஞ்சாங்கத்தை எடுத்து முதல் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். அதில் கலியுக வருஷம் ஐயாயிரத்துக்கு மேல். சாலிவாகன சகாப்தம் வேறு. கொல்லம் ஆண்டு வேறு. இங்கிலீஷ் வருஷம் வேறு. ஜப்பானியர் தங்கள் முதல் சக்கரவர்த்தி பட்டமேறியதாகச் சொல்லும் கி. மு. 660-லிருந்து வருஷத்தை எண்ணிவந்தார்கள். 2602 என்பது நம் 1942 என்று விளக்கினார். பிடித்த ஊரில் முதல் காரியமாக வருஷத்தை மாற்றியிருக்கிறான் பார் என்பது அவர் அபிப்பிராயம். ஆச்சியிடம் அந்தத் தலையைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. வைகாசியைத் தேடிக்கொண்டு அவர் இருந்த அதே வருஷம்தான் அங்கே அந்த எண்ணால் வழங்கியது.

சுதந்திரம் வந்தது. 1947 நவம்பர் 21-ல் சுதந்திர இந்தியாவின் முதல் தபால்தலை வெளிவந்தது: மூன்றரையணா, மூவர்ணக் கொடி, தேவநாகரியில் 'ஜெய் ஹிந்த்', 1947 ஆகஸ்ட் 15 என்ற தேதி. டிசம்பர் 15-ல் ஒன்றரையணாவில் அசோகச் சிங்கங்களும், பன்னிரண்டணாவில் ஆகாய விமானமும் தொடர்ந்தன. இவற்றில் சிங்கங்கள் மட்டும் எங்களுக்குத் தாராளமாகக் கிடைத்தன. ஏனென்றால் ஒன்றரையணா உள்நாட்டுக் கடிதத்துக்கு உரியது. கொடி கிடைக்கவில்லை. மூன்றரையணா அயல்நாட்டுத் தபாலுக்கு உரிய கட்டணம். ஆச்சிக்காக நான் என் கையாலேயே கொடித் தலையை நாக்கில் தடவி ஒட்டி, தைப்பிங் விலாசமெழுதி, பெட்டியில் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவேன். புதிதாகத் தலை வாங்கி வைத்துக்கொள்ள மூன்றரையணா என்பது உபாத்தியாயர் வீட்டுப் பிள்ளைக்கு இயலுகிற காரியமன்று. மேலும், தபாலில் போகாத தலையைத் தலையாக ஒப்புக்கொள்ளாத காலம் அது.

கடைசியில் ஆச்சியிடம் அனுமதி பெற்று, அவர் சொல்லச் சொல்ல எழுதி முடித்த கடிதத்தின் அடியில், "இதைப் படித்து எழுதுகிற பையன் பணிவுடன் எழுதிக்கொள்வது: உறையின் மேலுள்ள கொடித் தலையைக் கிழித்துத் தங்கள் அடுத்த கடிதத்தில் வைத்தனுப்பினால் மிகவும் உபகாரமாக இருக்கும்" என்று சேர்த்தேன். பதில் வந்தது. கடிதத் தாளின் மடிப்புக்குள் ஆச்சி அதுகாறும் அனுப்பிய கடிதங்களிலிருந்த கொடித் தலைகள் அத்தனையும் ஒரு சிகரெட் டப்பி ஈயத்தாளில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. எங்கள் ஊர் முத்திரை குத்தப்பட்டு, கடலைத் தாண்டித் தைப்பிங் வரைக்கும் போய், கடலைத் தாண்டி எங்கள் ஊருக்கே திரும்பி வந்திருந்தது தேசியக் கொடி. "பையனை நன்றாகப் படிக்கச் சொல்லவும்" என்று ஒரு வரியும் எழுதியிருந்தார். அந்த மனிதரை நான் அதுவரையில் கண்ணால் பார்த்ததில்லை.

மறு வருஷம் 1948 ஆகஸ்ட் 15-ல் காந்தியடிகள் தலைகள் நான்கு வந்தன: ஒன்றரையணா, மூன்றரையணா, பன்னிரண்டணா, பத்து ரூபாய். தேவநாகரியிலும் உருதுவிலும் 'பாபு' என்று எழுதியிருந்த அவற்றின் அச்சு, அதுவரையில் நாங்கள் நாசிக் அச்சகத்தின் தலைகளில் கண்டறியாத மென்மை உடையதாக இருந்தது. பிற்பாடு தெரிந்தது, அவை ஸ்விட்ஸர்லாந்தில் கூர்வாசியே என்ற அச்சகத்தில் அச்சாகி வந்தவை என்று. கதரைத் தவிர வேறு உடுத்தாத மகானுக்கு அயல்நாட்டு அச்சு! இது யாருடைய யோசனையோ தெரியாது. நல்ல யோசனையென்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. பத்து ரூபாய்த் தலையை எங்கள் ஊர்த் தபால் ஆபீஸ் குமாஸ்தாவே கண்டதில்லை என்றார்.

1949 ஆகஸ்ட் 15-ல் வந்த புராதனச் சின்ன வரிசை ஆச்சிக்கும் எனக்கும் சச்சரவு மூட்டியது. மூன்று பைசாவில் அஜந்தா யானை, மூன்றணாவில் சாஞ்சி வாயில், ஐந்து ரூபாயில் தாஜ்மகால் என்று சென்ற அந்த வரிசையில் இரண்டணாத் தலையாக வந்தவர் நடராஜர். அவரை நாக்கில் தடவி ஒட்டுவதாவது! "எச்சிலா? சாமிக்கா?" என்று ஆச்சி என் கையைத் தட்டிவிட்டார். அன்றிலிருந்து ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, விரலால் தொட்டுத்தான் ஒட்ட வேண்டும். தபால் ஆபீஸில் அவர் தலைமேல் கரி முத்திரையைக் குத்துகிறார்களே, அதற்கு என்ன செய்வதென்று நான் கேட்டதற்கு, "அது சர்க்கார் பாவம், நாம ஏன் சேர்ந்துக்கணும்?" என்று பதில் வந்தது. அதே வரிசையில் ஓரணாத் தலையில் இருந்த போதிசத்வர் உருவத்தை இடவலம் மாற்றி அச்சிட்டுவிட்டு, 1950-ல் திருத்திய தலை வெளியிட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தேன். சர்க்காரும் பரீட்சையில் தப்பு செய்யும் என்பதற்கு அந்தப் பக்கத்தைப் பையன்களுக்குக் காட்டுவதில் எனக்கு ஒரு கர்வம்.

காலேஜில் படிக்கச் சென்னைக்குப் போன பிறகு மூர் மார்க்கெட்டில் தலைப் பொட்டலங்கள் விற்பதைக் கண்டேன். ஓரணாவுக்கு ஒரு பொட்டலம். உள்ளே ஹங்கேரி முதலிய தேசங்களின் முக்கோணத் தலைகளும், சாய்சதுரத் தலைகளும், மீனும் பூவும் பட்டாம்பூச்சியுமாகக் கண்ணைப் பறிக்கும். ஒவ்வொன்றின் மூலையிலும் அளவெடுத்தாற்போல் கால் வட்ட முத்திரை. திருப்பிப் பார்த்தால் முதுகில் பசை அப்படியே இருக்கும். கடிதத்தில் ஒட்டாமலே, அச்சகத்தில் முத்திரை குத்தி, சேகரிப்பவர்களுக்கு விற்பதற்கென்றே தயாரித்தவை. அவற்றை வாங்கினேன், சில காலம் ஒட்டினேன், பிறகு அலுத்துவிட்டது. நேதாஜியின் ஆசாத் ஹிந்துக்கென்று பெர்லினில் அச்சிட்ட தலைகளையும் அங்கேதான் பார்த்தேன். சிறு வயதில் அவற்றைப் பற்றிக் கதை கதையாகக் கேட்டிருந்த எனக்கு, அவை ஒரு கடிதத்தைக்கூடச் சுமக்காமலே போனவை என்று அறிந்தபோது உண்டான ஏமாற்றம் கொஞ்சமன்று. ஆனால் அது வேறு வகை. அதற்குச் சுமக்க விருப்பம் இருந்தது, வாய்ப்பு இல்லை. ஹங்கேரித் தலைக்கு விருப்பமே கிடையாது. இந்தப் பாகுபாட்டைத் தலை வியாபாரிகள் ஒப்புக்கொள்வதில்லை; விலைப் பட்டியலிலும் இதற்கு இடமில்லை. ஆயினும் வந்த தலை வேறு, வாங்கிய தலை வேறு என்பது என் தீர்மானம். ஆச்சி வீட்டு வளவில் உட்கார்ந்து தொடங்கியவனுக்கு வேறு விதமாக எண்ண வராது.

ஆச்சியின் மகன் ரஜூலாவில் வந்து இறங்கியது 1950-ல். அதன்பின் நான் கடிதம் படிக்க வேண்டிய தேவை இல்லாமற்போயிற்று. பேரேடு என்னோடு பல ஊர்களுக்கு வந்திருக்கிறது. 1960-ல் திருவள்ளுவர் தலையும் அதே வருஷம் பாரதியார் தலையும் பதினைந்து காசில் வெளிவந்தபோது, பர்மாப் பக்கத்தை அடுத்து வெற்றாக இருந்த பக்கத்தில் ஒட்டினேன். பல வருஷங்கள் கழித்து, வீடு பாகமாகிச் சாமான்கள் பிரிக்கப்பட்ட சமயத்தில், விபூதிப் பேழைக்கு அடியிலிருந்த அந்த 1941 நவம்பர்க் கடிதத்தை, உனக்குத்தான் இதன் அருமை தெரியும் என்று சொல்லி ஆச்சியின் மகனே என்னிடம் கொடுத்தார். உறையும், தலையும், தைப்பிங் முத்திரையும், தணிக்கைச் சீட்டும், எங்கள் ஊரில் வந்து சேர்ந்த தேதி முத்திரையும் சிதையாமல் இருந்த அதைப் பார்த்த ஒரு முதிய சேகரிப்பாளர், என் பேரேடு முழுவதையும் கொடுத்தாலும் இந்த ஓர் உறைக்கு ஈடாகாது என்றார். அவர் சொன்னது வியாபாரக் கணக்கிலும் வாஸ்தவம்.

ஆகையால் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பாட்டன்மார் வீட்டுப் பெட்டகங்களிலும் பரண்களிலும் அக்கரைக் கடிதக் கட்டுகள் இன்னும் இருக்கக்கூடும். அவை அகப்பட்டால் தலையை மட்டும் வெட்டி எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள். உறையை உறையாகவே வையுங்கள். உள்ளே கடிதம் இருந்தால் அதையும் அதனுள்ளேயே விடுங்கள். ஈரமும் கரையானும் அணுகாத இடமாகப் பார்த்து, காற்றாட வைத்தால் போதும், வேறு செலவில்லை.